முடிச்சு மச்சான் உட்கார்ந்து வந்த சீட்

என் பெரியப்பாவுக்கு நான்கு பெண்கள். மூத்தவள் நர்ஸ் வேலைக்குப் போனாள். இரண்டாமவள் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். கடைசிக்காரி கண்ணாடிக் கடைக்காரர் மகனைக் கட்டினாள். மூன்றாவது அக்காவைக் கட்டியவர்தான் நான் சொல்ல வந்த ஆள். உறவில் எனக்கு மச்சான், ஊருக்கு முடிச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் அதைப் பார்த்துவிட்டு, “இது யாருப்பா, கடைசி நேரத்துல மாப்பிள்ளைய மாத்திட்டாங்களா?” என்று என் சித்தப்பாவே கேட்டார்.

அவருக்கும் எனக்கும் வண்டிகளுக்கு சீட் தைக்கிற வேலை. கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள் நிற்கும். காற்றில் ஸ்பான்ஜ் தூள் பறந்துகொண்டே இருக்கும். கடை முதலாளி வருவது மாதத்துக்கு ஒரு தடவை. நடுவில் இரண்டு தையல் மெஷின்களை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தோம். நிமிர்ந்தால் அவர் முகம், குனிந்தால் துணி. முப்பத்திரண்டு வருஷம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

கைத்தையல் முடியும் இடத்தில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, இடது பக்கம் வளைத்து, முடிச்சின் தலையைத் துணிக்குள்ளேயே மறைத்துவிடுவார். தடவிப் பார்த்தாலும் விரலுக்குத் தட்டாது. அவிழ்க்கப் பார்த்தால் ரெக்ஸின்தான் கிழியும். பெயர் வந்தது அதனால்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு சுற்று, ஒரு வெட்டு. “உன் முடிச்சுக்கு வால் முளைச்சிருக்கு மாப்ள” என்பார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சீட் கிழிந்து உள்ளே பள்ளமாகிவிட்டால், தைப்பதற்கு முன்னால் பள்ளத்தை நிரப்ப வேண்டும். சாவகாசமாகச் செய்தால் ஸ்பான்ஜை அளந்து வெட்டி வைப்போம். அவசர வேலை என்றால் கந்தல், சாக்கு, செய்தித்தாள் என்று கைக்கு அகப்பட்டதை மடித்துத் திணித்துத் தைத்துவிடுவோம். வாடிக்கையாளர் எழுந்து தடவிப் பார்க்கும்போது மேடு பள்ளம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். பழைய சீட்டுகளைப் பிரித்தால் என்னென்னவோ வரும். ஒரு முறை ஒரு பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டு வந்தது. நான்கு பாடத்தில் ஃபெயில். “புத்திசாலிப் பய. அப்பன் தினமும் இது மேலதான் உட்கார்ந்து வேலைக்குப் போயிருக்கான்” என்று மச்சான் சிரித்தார்.

அவர் மட்டும் காகிதம் வைக்கமாட்டார். “காகிதம் பேசும் மாப்ள. உட்கார்றப்பல்லாம் காட்டிக்கொடுக்கும்” என்பார். எனக்கு அந்தச் சத்தம் கேட்டதில்லை. அவர் காது வேறு காது.

அவருக்கு ஒரே தம்பி. அந்தப் பையன் எங்கள் கடையில்தான் வேலை கற்றுக்கொண்டான். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுத்த நல்ல தோலை அளவு மாற்றி வெட்டிவிட்டான். அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மச்சான் அவனை ஓங்கி அறைந்தார். அவர் யாரையும் அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, அழவும் இல்லை. கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். போனவன் பதினொரு வருஷம் வரவில்லை. தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று மட்டும் தெரியும்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. மச்சானுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. எதிர்ப்பக்கம் டாக்டர் வீட்டுக் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். கம்பவுண்டர் எங்கள் கடை பெஞ்சில் பாதி நாள் இருப்பவர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். தம்பி யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தான். நெஞ்சில் வால்வு கெட்டுவிட்டது, வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆபரேஷன். அதற்கு முன்னால் அண்ணனை ஒரு தடவை பார்க்க வேண்டும், முடிந்தால் வரவும். கீழே ஆஸ்பத்திரியின் விலாசம்.

மச்சான் கடிதத்தை வாங்கி, தெரியாத எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அவனை ஆபரேஷனுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லணும் மாப்ள. அடிச்சது தப்புன்னு. அது போதும்” என்றார்.

எங்கள் கூட்டத்தில் இன்னொருவர் ஹாரன். சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறவர். காலியான ரோட்டில்கூட ஹாரன் அடித்துக்கொண்டே போவார். “கிளம்புங்கய்யா, நான் கொண்டு போறேன். ரயிலுக்கு எங்க போய் நிக்கறது” என்றார் அவர். புதன்கிழமை விடிகாலை நான்கு பேரும் புறப்பட்டோம். அக்கா தண்ணீர்க் குடத்தையும் ரொட்டிப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டு என்னிடம், “அவருக்கு இடுப்பு வலி இருக்குடா. நல்ல சீட்டா பாத்து உட்கார வை” என்றாள்.

நடு வரிசையில் மச்சானும் கம்பவுண்டரும். ஹாரன் பக்கத்தில் நான். மச்சான் அரை மணிக்கு ஒரு தடவை, “இன்னொரு வாட்டி படிங்க” என்பார். கம்பவுண்டரும் சளைக்காமல் படிப்பார். ஆனால் ஒவ்வொரு தடவையும் வால்வு வந்ததும் நிறுத்திவிட்டு, வால்வுக்கு எத்தனை கதவு, அது எப்படித் திறந்து மூடும் என்று பாடம் நடத்துவார். ஐந்தாவது தடவை படிக்கும்போது அவர் முகம் வெளுத்தது.

“வண்டிய நிறுத்துய்யா, வண்டிய நிறுத்து!”

இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தார். ஓடுகிற வண்டியில் படித்தால் தலை சுற்றும் என்று ஊருக்கே மாத்திரை கொடுப்பவருக்குத் தெரியவில்லை. “ஊர் வயித்தைப் பாக்கறவர் வயிறு நல்லா இருக்குய்யா” என்று ஹாரன் ஒரு மணி நேரம் கேலி செய்தார். கம்பவுண்டர் கடிதத்தைத் தன் செய்தித்தாளுக்குள் வைத்து மடித்து சீட்டில் போட்டுவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பின்னால் போனேன். அவர் அதை எங்கே வைத்தார் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மதியத்துக்கு மேல் குறுக்கே ஒரு நாய் ஓடியது. ஹாரன் பிரேக்கை அழுத்தினார். பின்னால் வைத்திருந்த கம்பவுண்டரின் தகர மருந்துப் பெட்டி எகிறி வந்து, அதன் முனை எங்கள் சீட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. நாய் பிழைத்துக்கொண்டது. அதே அதிர்ச்சியில் ரேடியேட்டர் ஹோஸும் வெடித்து, முன்னாலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது.

நின்ற இடத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை வெளியே வந்தார். யார், எங்கே என்று கேட்டார். விஷயத்தைக் கேட்டதும், வேனை மைதானத்துக்குள் தள்ளச் சொன்னார். அந்த வழியாக வந்த லாரியைக் கை நீட்டி நிறுத்தி, “இவரை ஏத்திக்கிட்டுப் போய் ஹோஸ் வாங்கி, திரும்பக் கொண்டாந்து விடுங்க” என்று டிரைவரிடம் உத்தரவு மாதிரி சொன்னார். லாரிக்காரரும் ஹாரனை ஏற்றிக்கொண்டார். போக வர நாற்பது கிலோமீட்டர்.

மச்சானுக்குக் கை சும்மா இருக்காது. மனசு தவித்தால் இன்னும் இருக்காது. வராந்தாவில் வரிசையாக மாட்டியிருந்த பிள்ளைகளின் பைகளைப் பார்த்தார். பாதிப் பைகளுக்கு வார் அறுந்திருந்தது. ஊசி நூலை எடுத்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். “எனக்கு, தாத்தா, எனக்கு!” நாற்பத்தைந்து வயதுக்காரரைத் தாத்தா என்றதில் கம்பவுண்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

நான் மட்டும் வேனுக்குள் இருந்தேன். அவர் இடுப்புக்கு அந்தக் கிழிசல் ஆகாது, பாதி வழி பாக்கியிருக்கிறது, தைத்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே இருந்த பழைய பஞ்சு பொடியாகக் கொட்டிப் பெரிய பள்ளமாகியிருந்தது. ஸ்பான்ஜ் கிடையாது. பக்கத்தில் செய்தித்தாள் கிடந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கை பாட்டுக்கு மடித்தது, திணித்தது, மேலே ரெக்ஸினை இழுத்துத் தைத்தது. இரண்டு சுற்று, ஒரு வெட்டு.

மச்சான் வந்து தடவிப் பார்த்தார். “நான் தெச்சாக்கூட இப்படி வராது மாப்ள” என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என் தையலைப் புகழ்ந்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஹாரன் திரும்பி ஹோஸை மாட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. ஆசிரியை ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார். விடியுமுன் கிளம்பி, ஒன்பது மணிக்கு நகரத்துக்குள் நுழைந்தோம். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

“விலாசத்தைச் சொல்லுங்கய்யா” என்றார் ஹாரன்.

கம்பவுண்டர் திரும்பினார். “பின்னாடி சீட்டுல பேப்பர் இருக்கும் பாருங்க. அதுக்குள்ளதான் லெட்டர வெச்சேன்.”

நான் முந்தின நாள் போட்ட தையலைப் பார்த்தேன். மச்சான் சீட்டுக்குக் கீழே குனிந்து தேடினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “பேப்பரப் பாத்தியா மாப்ள?”

அந்த நேரத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு பிளேடு, ஒரு நிமிஷம். மூன்று பேரும் சேர்ந்து என்னைத் திட்டியிருப்பார்கள். பிறகு போயிருப்போம். எனக்கு முந்தின நாள் கிடைத்த பாராட்டு கண் முன்னால் வந்தது. தொழில் தெரிந்தவன் செய்கிற வேலையா இது என்று வெட்கமாக இருந்தது.

“பேப்பரா? ஸ்கூல்ல கை துடைச்சுப் போட்டோமே, அதா?” என்றேன்.

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பொய் என்று புரிந்தது. கம்பவுண்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹாரன் அவர்மேல் பாய்ந்தார். “அஞ்சு வாட்டி படிச்சியே, ஆஸ்பத்திரி பேரு ஒரு வாட்டிகூட மண்டைல ஏறலியா?”

“யாரோ வள்ளல் பேரு... நாக்கு நுனில நிக்குதுய்யா...”

“வால்வுக்கு எத்தனை கதவுன்னு மட்டும் நிக்கும்!”

சிக்னலில் பக்கத்தில் ஒரு வேன் நின்றது. ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற சலவைக்காரரின் வேன். சத்தத்தைக் கேட்டுத் தலையை நீட்டி, என்ன விஷயம் என்றார். கேட்டதும், “வள்ளல் பேர்ல இங்க ஏழு ஆஸ்பத்திரி இருக்கு. நெஞ்சு ஆபரேஷன் பண்றது நாலு. எல்லாத்துக்கும் நான்தான் துணி போடறேன். என் பின்னாடியே வாங்க” என்றார். தன் வேலையைப் போட்டுவிட்டு எங்கள் முன்னால் போனார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அவரே உள்ளே ஓடி, பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். அந்த மனிதனின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

தம்பியின் விலாசத்தின் மேலேயே மச்சான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான். அவர் இறங்கினால் தையலைப் பிரித்து எடுத்து, சீட்டுக்கடியில் கிடைத்தது என்று கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது ஆஸ்பத்திரியில் அவர் தாங்காமல் இறங்கினார். பிளேடைத் தையலில் வைத்துவிட்டேன். ஹாரன் திரும்பிப் பார்த்தார்.

“என்னடா பண்ற?”

“ஒண்ணுமில்ல... நூல் நீட்டிக்கிட்டிருக்கு.”

பிளேடைப் பையில் போட்டேன்.

நான்காவது ஆஸ்பத்திரிதான். வாசலில் நிற்கும்போது மணி பதினொன்றே முக்கால். ஒரு நர்ஸ், “அவர் அண்ணன் நீங்களா?” என்று கேட்டாள். “பத்தரை வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தார். அண்ணன் நெட்டையா இருப்பார், காதுல பென்சில் சொருகியிருப்பார், வந்தா உள்ள விடுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னார்.”

மச்சான் காதில் கை வைத்தார். பென்சில் இருந்தது.

தம்பி கண் விழிக்கவில்லை. மூன்றாவது நாள் போய்விட்டான். அந்த மூன்று நாளும் மச்சான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். சலவைக்காரர் தினமும் வந்தார். அடக்கத்துக்கு வெளுத்து மடித்த விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பி வந்த பிறகு கம்பவுண்டர் எங்கள் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். தெருவில் பார்த்தால் அந்தப் பக்கமாக நடப்பார். கடிதத்தைத் தொலைத்தவர் என்று ஊரும் சொன்னது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சானும் நானும் எதிரும் புதிருமாக மேலும் பதினெட்டு வருஷம் தைத்தோம். சில நாள் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். “என்ன மச்சான்?” என்பேன். “ஒண்ணுமில்ல, உனக்கு ஏதாவது சொல்லணுமான்னு பாத்தேன்” என்பார். ஊசி போதுமா, நூல் வேண்டுமா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வேன் என்பதுகூடப் பொய். அப்படி நினைக்கப் பழகிக்கொண்டேன்.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே, யாரையும் சிரமப்படுத்தாமல். மூன்று மாதம் கழித்து ஹாரன் தன் ஓட்டை வேனைக் கழித்துப் போட்டார். நடு வரிசை சீட்டை மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்.

“வாசல்ல போட பெஞ்சாக்கிக் கொடுடா. மேல்துணி நீ தெச்சதுதான், அப்படியே கிடக்கு பாரு.”

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டாவது அழலாம் என்று தையலைத் தடவினேன். விரலுக்கு எதுவும் தட்டவில்லை. வால் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று சுற்று, இடது பக்க வளைவு, தலை உள்ளே மறைந்திருந்தது.

பிரித்தேன். ரெக்ஸின் கிழிந்ததே தவிர முடிச்சு விடவில்லை. உள்ளே செய்தித்தாளும் இல்லை, கடிதமும் இல்லை. அளந்து வெட்டிய ஸ்பான்ஜ், பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சீட்டைப் பற்றி வாயெடுத்ததும் அவள் எழுந்து போய்ப் பீரோவிலிருந்து கடிதத்தை எடுத்துவந்தாள். மடிப்பில் கிழிந்து போயிருந்தது.

“உனக்கு எப்ப தெரியும்க்கா?”

“நீங்க வந்த மறுவாரமே. திரும்பி வர்றப்பவே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உட்காரும்போதெல்லாம் காகிதம் சத்தம் போட்டுச்சாம். போறப்ப தம்பி நெனப்புல காது கேக்கலைன்னார். ஒரு ஞாயித்துக்கிழமை ஹாரன் வேனை வாங்கிட்டுப் போய்ப் பிரிச்சு எடுத்துட்டு வந்தார்.”

“என்கிட்ட ஏன் கேக்கல?”

“நான் கேக்கச் சொன்னேன்டா. சண்டைகூடப் போட்டேன். ‘ஒருத்தன அடிச்சே தொலைச்சுட்டேன். இவனையும் கேட்டுத் தொலைக்கணுமா? அவனே சொல்லட்டும்’னுட்டார்.” அக்கா கடிதத்தை மடித்தாள். “கடைக்குப் போறப்ப சில நாள், ‘இன்னைக்குச் சொல்லுவான்னு தோணுது’ன்னுட்டுப் போவார்.”

அங்கிருந்து கம்பவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது காது ரொம்ப மந்தம். மெதுவாகச் சொன்னேன். “என்ன?” என்றார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். “சத்தமா சொல்லுப்பா!” என்றார். கடைசியில் தெருவுக்கே கேட்கும்படி, “லெட்டர சீட்டுக்குள்ள வெச்சுத் தெச்சது நான்! தெரிஞ்சே பொய் சொன்னேன்!” என்று கத்தினேன். சமையலறையிலிருந்து அவர் மருமகள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

அவர் தலையாட்டினார். “தெரியும். முடிச்சு அப்பவே வந்து சொல்லிட்டான். உன்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு என் கையப் புடிச்சுக்கிட்டான்.”

“அப்புறம் ஏன் நீங்க கடைப்பக்கமே வரல?”

“வந்தா கேட்டுடுவேனே.”

ஹாரனுடைய பெஞ்சை இன்னும் முடிக்கவில்லை. தினமும் மெஷினில் உட்கார்கிறேன். எதிர் மெஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். நான் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். அவரை எனக்குத் தெரியும்.  காதிலிருந்த பென்சிலை எடுத்துத் துணியில் ஒரு கோடு போட்டுக்கொண்டே, “சரி மாப்ள, ஊசிய மாத்து, முனை மழுங்கியிருக்கு” என்றிருப்பார்.